தையல் மெசின் சத்தம் கேட்டால் கத்தும் கிளி

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் முத்து என்று ஒரு பச்சைக்கிளி இருக்கிறது. நாலு வயது. கழுத்தில் சிவப்பு வளையம் வந்துவிட்டது. குஞ்சிலிருந்து மகள்தான் வளர்த்தாள். தை மாதம் அவள் மட்டக்களப்புக்குப் படிக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு முத்து என்னை ஒரு வேலை செய்ய விடுவதில்லை. வீட்டில் தைத்துக் கொடுத்துத்தான் எங்கள் சீவியம் போகிறது. நான் மெசினில் இருந்தால் போதும், "அம்மா, அம்மா" என்று தொடங்கிப் பிறகு காது கிழியக் கத்தும். எழும்பிப் போனால் உடனே நிறுத்திவிட்டு, சொறிந்து விடச் சொல்லித் தலையைக் குனிந்து தரும். கடையில் பிளாஸ்டிக் மணியும் ஊஞ்சலும் வாங்கிப் போட்டேன், திரும்பியும் பார்க்கவில்லை. வெட்டுத் துணிகளைக் கட்டிவிட்டால் மட்டும் கொஞ்ச நேரம் கடிக்கும். மாமி பிஸ்கட் கொடுத்து அடக்குவார். இதைத் தனியே விளையாடப் பழக்க ஏலுமா?
– வாசகி, பரந்தன்

பதில்: தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்த வெட்டுத் துணிகளைக் கழற்றிவிடுங்கள். கிளி கடிக்கக் கடிக்க நூல் பிரியும். பிரிந்த நூல் கால்விரலில் சுற்றிக்கொண்டால், அது இழுக்க இழுக்க இறுகும். அப்படி இரத்தம் ஓடாமல் விரல் கறுத்துப்போன ஒரு கிளியை முரசுமோட்டையில் ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன். நூல் வயிற்றுக்குள் போனாலும் ஆபத்து. மெசினடியில் கிடக்கும் நூல், ஊசி, பட்டன் எதுவும் முத்துவின் அலகுக்கு எட்டக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முத்து குழப்படி செய்கிறது என்று நினைக்காதீர்கள். வெளியில் வாழும் கிளி தனியே இருந்து பழகியதே இல்லை. கூட்டமாகப் பறந்து, கூட்டமாகத் தின்று, பொழுதுபட்டால் கூட்டமாகவே ஒரு மரத்தில் அடையும். ஒன்றை ஒன்று காணாவிட்டால் குரல் கொடுக்கும். மற்றது எங்கேயோ இருந்து பதில் குரல் கொடுக்கும். நெல் முற்றிய நேரத்தில் வயல் பக்கம் போனவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். முத்துவுக்கு நீங்களும் மகளும் மாமியும்தான் கூட்டம். அதில் ஒருவரை ஒரு நாள் காலையிலிருந்து காணவில்லை. படிக்கத்தான் போயிருக்கிறாள் என்று அதற்கு யார் சொல்வது? மிச்சமிருக்கும் ஆளையாவது விடக் கூடாது என்று கூப்பிடுகிறது. மெல்லக் கூப்பிட்டபோது மெசின் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை. கத்தியபோது எழும்பி வந்தீர்கள். எந்தக் குரலுக்கு ஆள் வரும் என்பதை அது அப்படித்தான் படித்தது. மாமியின் பிஸ்கட்டும் அதே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுக்கிறது.

இதே பிழையை நானும் விட்டிருக்கிறேன். 2010இல் நாங்கள் ஊர் திரும்பித் தகரக் கொட்டிலில் இருந்த காலம். போரில் செல் பட்டு வட்டுப் போன பனைகள் அப்போது வன்னியெங்கும் மொட்டையாக நின்றன. அவற்றின் பொந்துகளில் கிளிகள் குஞ்சு பொரித்தன. பக்கத்துக் காணியில் அப்படி ஒரு பனையைத் தறித்தபோது விழுந்த குஞ்சுதான் எங்கள் ராசாத்தி. நான் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்தவன். காலையில் மோட்டார் சைக்கிளில் பட்டிகளைப் பார்க்கப் போனால் திரும்பி வர மத்தியானமாகும். வந்து சாப்பிட இருந்தால் கத்தல். அதட்டிப் பார்த்தேன். அடங்காததால் பட்டப்பகலில் கூட்டைச் சாரத்தால் மூடினேன். இருட்டில் சத்தம் நின்றது. ஆனால் அந்தத் தகர வெக்கையில், இருட்டுக்குள் இருந்து, சில மாதத்தில் அவள் தன் நெஞ்சுத் தூவி முழுவதையும் தானே பிடுங்கிவிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கிறது.

என் மனைவிதான் வழியைக் கண்டுபிடித்தார். ஒரு நாள் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து குட்டான் இழைத்துக்கொண்டிருந்தவர், வெட்டி எறியும் ஓலை நுனிகளைச் சும்மா கம்பிக்குள் செருகிவிட்டார். ராசாத்தி ஒன்றை இழுத்தெடுத்து, காலில் பிடித்து, ஈர்க்கை ஒட்டி நார் நாராகக் கிழிக்கத் தொடங்கினாள். ஒரு மணித்தியாலம் வீட்டில் கிளி இருக்கிற சத்தமே இல்லை. அதுவரை அவளுக்கு நாங்கள் ஒரு வேலையும் கொடுத்திருக்கவில்லை என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

வெளியில் இருக்கும் கிளிக்கு ஒரு நாளில் பல மணித்தியாலம் தீன் தேடுவதிலேயே போய்விடும். கதிரை வளைக்க வேண்டும், காயைப் பிளக்க வேண்டும், கோதை உடைக்க வேண்டும். கூட்டுக் கிளிக்கு ஒரு கிண்ணம் நிறையத் தீன் போடுகிறோம். கால் மணித்தியாலத்தில் தின்று முடித்துவிடும். மிச்சப் பகல் முழுக்க அது என்ன செய்யும்?

ஆகவே முத்துவின் தீனில் ஒரு பங்கைக் கிண்ணத்தில் போடாதீர்கள், ஒளித்து வையுங்கள். அதன் கண்முன்னே நாலு பயறு விதையைப் பேப்பர் துண்டில் வைத்து, மேலே ஒரு திருகு மட்டும் திருகிக் கொடுங்கள். அதைப் பிரிக்கப் பழகிய பிறகு இறுக்கிச் சுற்றுங்கள். பிறகு சோளப்பொத்தியை மடல் உரிக்காமல் கொடுக்கலாம், கண் துளைத்த சிரட்டைக்குள் பேப்பர் பொட்டலத்தை அடைத்துத் தொங்கவிடலாம், காய்ந்த முருங்கைக்காயை முழுதாகக் கட்டிவிடலாம். வேப்பந் தடியைப் பட்டையோடு வையுங்கள், பட்டை உரிப்பதில் கிளிக்குத் தனி ஆசை. நெற்கதிர், குரக்கன் கதிர் கிடைக்கும் காலத்தில் தாளோடு கொடுங்கள். காசு கொடுத்து வாங்க ஒன்றும் இல்லை. கிழித்து நாசமாக்க முடியாத சாமானில் கிளிக்கு நாட்டம் குறைவு. உங்கள் பிளாஸ்டிக் மணியை முத்து பார்க்காததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொங்கவிடாமல் இரண்டு மூன்றை மட்டும் வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழக்கும்போது பட்டினி போட வேண்டாம். பொட்டலம் பிரிக்கத் தெரியும்வரை கிண்ணத்திலும் போதிய தீன் இருக்கட்டும்.

புதிய சாமானைக் கண்டு முத்து பயந்து பின்வாங்கினால் கூட்டுக்குள் திணிக்காதீர்கள். நாலு முழம் தள்ளி வைத்து, நாளுக்கு நாள் கிட்டக் கொண்டு வாருங்கள். இதற்கு நல்ல உபாயம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பேர்க் என்ற விஞ்ஞானி 1977இல் வாங்கிப் பழக்கிய அலெக்ஸ் என்ற ஆபிரிக்கச் சாம்பல் கிளி, நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சொல்லக் கூடியதாக இருந்தது. அதன் முன்னால் இரண்டு பேர் இருந்து, ஒருவர் பொருளைக் காட்டிக் கேட்க, மற்றவர் சரியாகச் சொல்லி அந்தப் பொருளை வாங்கிக்கொள்வார். பார்த்துக்கொண்டிருக்கும் கிளிக்குத் தானும் வாங்க வேண்டும் என்ற ஆசை வரும். நீங்களும் மாமியும் அப்படிச் செய்யுங்கள். முத்துவின் முன்னால் இருந்து ஓலைத் துண்டை ஒருவருக்கொருவர் கொடுத்து, "ஆ, வடிவாக இருக்குதே" என்று கிழித்து விளையாடுங்கள். முத்துவுக்குக் கொடுக்க வேண்டாம். அது கழுத்தை நீட்டி வரும்போது ஒரு துண்டு கொடுங்கள். 2007இல் இறந்துபோன அந்த அலெக்ஸ், பாடம் அலுத்தால் தன் இடத்துக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று கேட்குமாம். அவ்வளவு பேரோடு பழகிய கிளிக்கும் தன்பாட்டில் இருக்கும் நேரம் வேண்டியிருந்தது. முத்துவுக்கும் அது வரும்.

நேரத்தை எப்படிக் கூட்டுவது? உங்கள் மெசினையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கூட்டை மெசினுக்குப் பக்கத்தில் வைத்து, வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஒரு சட்டைக் கைக்கு ஓரம் அடியுங்கள். இரண்டு நிமிடம் போகுமா? அது கூப்பிடுவதற்கு முன்னரே நீங்களாகத் திரும்பி, "கெட்டிக்காரன் முத்து" என்று சொல்லி ஒரு விதை கொடுங்கள். இதுதான் முழுப் பழக்கத்துக்கும் அச்சாணி, தங்கச்சி. இதுவரை அது கத்தியபோது போனீர்கள். இனி அது பேசாமல் ஓலை கிழித்துக்கொண்டிருக்கும்போது போங்கள். அது நன்றாகப் பிடிபட்டதும் ஒரு கழுத்து வைத்து முடிக்கும் நேரம், பிறகு ஒரு சட்டை முழுதாகத் தைக்கும் நேரம் என்று நீட்டுங்கள். இடையிடையே குறைத்தும் விடுங்கள், எப்போது வருவீர்கள் என்று எண்ணிக்கொண்டிருக்காது. கூட்டையும் சில நாளுக்கு ஒரு முழமாகத் தள்ளி வையுங்கள். ஏறிய தூரத்தில் கத்தத் தொடங்கினால் ஒரு முழம் திரும்பி வாருங்கள், அதில் ஒன்றும் கெட்டுப்போகாது.

"அம்மா" என்று மெல்லக் கூப்பிட்டால் மட்டும் எப்போதும் பதில் கொடுங்கள். எழும்ப வேண்டாம், இருந்த இடத்திலிருந்து ஒரு விசில் அடித்தால் போதும், அல்லது "இருக்கிறேன் முத்து" என்று சொல்லுங்கள். ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அதற்குப் பாதி ஆறுதல். கத்தினால் போகாதீர்கள், அதட்டாதீர்கள், திரும்பியும் பார்க்காதீர்கள். அதட்டலும் அதற்கு உங்கள் முகம் கிடைத்த கணக்குத்தான். அது மூச்சு எடுத்து, சில விநாடி அமைதியான பிறகு விசில் அடியுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தொடங்கிய நாட்களில் கத்தல் குறையாது, கூடும். இதுவரை பலித்த வழி பலிக்கவில்லை என்றால் கிளி அதையே இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். அந்த நேரம் மனம் இளகி ஒருவர் ஓடினாலும், இவ்வளவு நேரம் கத்தினால்தான் வருவார்கள் என்று படித்துவிடும். அயலாரிடமும் தைக்கக் கொடுக்க வருபவர்களிடமும் சொல்லி வையுங்கள். மாமியிடம் ஆறுதலாகக் கதையுங்கள். அவர் பாசத்தில்தான் கொடுக்கிறார். பிஸ்கட்டை நிறுத்திவிட்டு, பேப்பர் பொட்டலம் கட்டும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். ராசாத்திக்கு என் அம்மா கட்டிய பொட்டலம் மாதிரி நாங்கள் யாரும் கட்டியதில்லை.

முத்துவோடு இருக்கும் நேரத்தைக் குறைத்து இதைச் செய்யலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மெசினில் இருக்கும் முன் காலையில் அரை மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம் அதற்கென்றே இருக்க வேண்டும். நாள் தவறக் கூடாது. சொறிவதைத் தலையோடும் கழுத்தோடும் நிறுத்துங்கள். முத்து ஆண், பருவத்துக்கு வந்துவிட்டது. முதுகையும் செட்டைக்குக் கீழேயும் தடவினால் உங்களையே துணையாக நினைத்து இன்னும் ஒட்டிக்கொள்ளும், பிறகு கடிக்கவும் தொடங்கும். இரவில் பத்துப் பன்னிரண்டு மணித்தியால நித்திரையும் வேண்டும். நாடகம் முடியும் மட்டும் ரிவிக்குப் பக்கத்தில் முழித்திருக்கும் கிளி அடுத்த நாள் சிடுசிடுப்பாகத்தான் இருக்கும். பொழுதுபட்டதும் கூட்டை அமைதியான அறைக்கு மாற்றுங்கள். தூவி பிடுங்கத் தொடங்கினாலோ, கத்தும் கிளி திடீரென்று குரலடங்கி உடம்பை ஊதிக்கொண்டு இருந்தாலோ, பழக்கம் பாசம் என்று பார்த்துக்கொண்டிராமல் அன்றே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள்.

மகளைப் போனில் பேசவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தும் சொல்கிறேன். முத்து அமைதியாக இருக்கும் நேரத்தில் பேசட்டும். கத்தும்போது போனைக் காட்ட வேண்டாம்.

கேள்வி: கிளி தனியாக இருக்கக் கூட்டுக்குள் கண்ணாடி வைத்தால் நல்லது என்று நண்பன் சொல்கிறான். வைக்கலாமா?
– மாணவன், மல்லாவி

பதில்: வேண்டாம், தம்பி. கண்ணாடியில் தெரிவது தன் நிழல் என்று கிளிக்குப் பெரும்பாலும் விளங்குவதில்லை. அதை இன்னொரு கிளியாக நினைத்துத் தின்றதைக் கக்கி ஊட்டப் பார்க்கும், பக்கத்தில் கை வைத்தால் கொத்தும். விளையாடுகிறது என்று நாம் நினைப்போம், அதுவோ நாள் முழுக்கப் பதில் சொல்லாத ஒன்றோடு மாரடித்துக்கொண்டிருக்கும். நுங்கு குடித்த கோம்பையைக் காயவைத்துக் கட்டிவிடு.

கேள்வி: எங்கள் கிளி ஓயாமல் ஆள் தேடுகிறது. துணைக்குப் பனம் பொந்திலிருந்து ஒரு குஞ்சு எடுத்துத் தருவதாகப் பக்கத்து வீட்டுப் பெடியன் சொல்கிறான். எடுக்கட்டுமா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: தயவுசெய்து எடுக்க விடாதீர்கள். பொந்துக்குள் இருக்கும் குஞ்சுக்குத் தாயும் தகப்பனும் இருக்கின்றன. அனாதையாக விழுந்த குஞ்சைக் காப்பாற்றுவது வேறு, இருக்கும் வீட்டைக் குலைத்து எடுப்பது வேறு. உங்கள் பிரச்சினையும் அதனால் தீராது. இரண்டும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது, பச்சைக்கிளிகளில் பெண் பறவை ஆணை அடித்து ஒதுக்கும். ஒத்துப்போனால், முதல் கிளியின் கத்தலை இரண்டாவதும் பழகும். மேலே பரந்தன் தங்கச்சிக்குச் சொன்னதை உள்ள கிளியிடம் ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: வேலியில் கொவ்வை படர்ந்து பழுத்திருக்கிறது. கிளிக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: நன்றாகக் கொடுக்கலாம். பழத்தைப் பிடுங்கிக் கிண்ணத்தில் போடாமல், கொடியோடு ஒரு முழம் வெட்டிக் கழுவி, கூட்டின் மேல் கம்பியில் தொங்கக் கட்டுங்கள். கிளி தலைகீழாகத் தொங்கி எட்டி எடுக்கட்டும். மருந்தடித்த வயல் வரம்பில் படர்ந்த கொடியை மட்டும் தொட வேண்டாம்.