ரெசுமேயில் காலியாகக் கிடக்கும் நான்கு வருடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களும் அவர்களின் வீட்டாரும் வேலை பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டேன். ஒரு முதலாளியும் எழுதியிருக்கிறார். பினாங்கில் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை ஒன்றின் ஆள்சேர்ப்புப் பிரிவில் பல வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். அங்கிருந்து பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

அக்கா, ஜாவி சிறையில் நான்கு வருடம் இருந்தேன். அங்கே வெல்டிங் கற்று எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) இரண்டாம் நிலை வாங்கினேன். ரெசுமேயில் அந்த நான்கு வருடத்துக்கு என்ன எழுதுவது? (பட்டர்வொர்த்)

காலியாக மட்டும் விடாதீர்கள், தம்பி. காலி இடத்தைப் பார்க்கிறவர் தன் பயத்தைக் கொண்டு அதை நிரப்பிக்கொள்வார். நீங்கள் அந்த நான்கு வருடமும் சும்மா இருக்கவில்லையே. "வெல்டிங் பயிற்சியும் பட்டறை வேலையும், சிறைத்துறை, ஜாவி" என்று வருடத்தோடு எழுதுங்கள். அதற்குக் கீழே செய்த வேலையை எழுதுங்கள். கேட் செய்தீர்களா, கட்டில் சட்டமா, எத்தனை மில்லிமீட்டர் தகடு, செங்குத்தாகவும் தலைக்கு மேலும் வெல்டிங் அடிக்க வருமா? பட்டறை மேற்பார்வையாளர் தேடுவது இதைத்தான். எந்த வழக்கு, என்ன தண்டனை என்பதெல்லாம் ரெசுமேக்கு வேண்டாம்.

உங்கள் எஸ்.கே.எம். சிறை கொடுத்த சான்றிதழ் இல்லை என்பதைத் தெளிவாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்படி திறன் மேம்பாட்டுத் துறை கொடுப்பது அது. ஜாவிக்குப் பக்கத்தில் நிபோங் திபாலில் இருக்கும் ஆறுமுகம் பிள்ளை தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து அதே துறையில், அதே நிலையில் சான்றிதழ் வாங்கும் பையனுக்கும் அளவுகோல் ஒன்றுதான். நேர்காணலில் இதை நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லலாம்.

அப்புறம், கையில் வேலையைக் கொண்டுபோங்கள். இரண்டு சிறு தகடுகளை இணைத்து, நடுவில் அறுத்து, வெட்டுமுகம் தெரிகிற மாதிரி எடுத்துப் போங்கள். பற்றவைப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது வெல்டிங் தெரிந்தவர் கண்ணுக்கு ஒரு நொடியில் தெரியும். "அரை மணி நேரம் கொடுங்கள், இங்கேயே அடித்துக் காட்டுகிறேன்" என்று நீங்களாகவே கேளுங்கள். இப்படிக் கேட்ட ஆட்களை எங்கள் மேற்பார்வையாளர்கள் மறந்ததே இல்லை.

கடைசியாக, போன் போட்டால் எடுத்துப் பேச ஓர் ஆள் வேண்டும். பட்டறையில் சொல்லிக்கொடுத்த பயிற்றுநரோ, பரோலில் இருந்தால் பரோல் அதிகாரியோ நல்லது. முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். கோயில் தலைவரிடம் "நல்ல பையன்" என்று கடிதம் வாங்கி வருகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு வரியால் பயனில்லை. ஆனால் பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் தைப்பூசத்தில் பந்தல் வேலை செய்திருந்தால், எத்தனை நாள், எத்தனை மணிக்கு வந்தீர்கள், என்ன பொறுப்பு பார்த்தீர்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அது வேலைக்கான சாட்சி.

விண்ணப்பப் பாரத்தில் "குற்றத் தண்டனை பெற்றதுண்டா?" என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆமாம் என்று போட்டால் கூப்பிடுவதே இல்லை. இல்லை என்று போட்டுவிடலாமா? (செராஸ்)

வேண்டாம். ஆறு மாதம் ஒழுங்காக வேலை செய்த பிறகு தெரியவந்தால், பழைய வழக்கை விட்டுவிடுவார்கள், பாரத்தில் பொய் சொன்னதைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த ஆறு மாத உழைப்பும் உங்கள் பெயருக்கு உதவாமல் போய்விடும்.

ஆனால் உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலை செய்த இடத்தில் "ஆமாம்" போட்ட பாரங்களைத் தனி அட்டையில் போட்டு வைப்போம். யாரும் திரும்ப எடுத்துப் படித்ததில்லை. ஒருவர் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலால், ஐந்து நிமிடம் நேரில் பேச வேண்டும் என்று மலாயில் எழுதியிருந்தார். அதையும் அதே அட்டையில் போட்டது நான்தான். இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

அதனால்தான் சொல்கிறேன், பாரத்தைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். முதலாளியே நேரில் ஆள் எடுக்கிற சின்னப் பட்டறை, கடை, லோரி கம்பெனி ஆகியவற்றில் முதலில் கேளுங்கள். பேசக் கிடைத்தால் மூன்று வாக்கியம் போதும். என்ன நடந்தது, எப்போது தண்டனை முடிந்தது, அதற்குப் பிறகு என்ன செய்கிறீர்கள். உதாரணமாக: "போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றேன். மார்ச் மாதம் முடிந்து வந்தேன். அன்றிலிருந்து செலாயாங் மொத்தச் சந்தையில் காலை நான்கு மணிக்குக் காய்கறி இறக்குகிறேன், கடைக்காரரின் போன் நம்பர் இது." மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தாதீர்கள். சொந்தக் கதை, கெட்ட சேர்க்கை, குடும்பக் கஷ்டம் எதையும் அதற்கு மேல் நீட்ட வேண்டாம். கண்ணாடி முன்னால் நின்று பத்து முறை சொல்லிப் பாருங்கள், உண்மையாகவே உதவும்.

மகன் அடுத்த மாதம் வெளியே வருகிறான். ஐசி (அடையாள அட்டை) எங்கே போனதென்றே தெரியவில்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது, அம்மா? (செந்தூல்)

ஐசியிலிருந்துதான். தேசியப் பதிவுத் துறையில் மாற்று மைகார்டு, அதாவது புது ஐசி, எடுத்த பிறகுதான் வங்கிக் கணக்கு, போன் எண், எல்லாமே. அடுத்து ஓட்டுநர் லைசென்சைப் பாருங்கள். காலாவதியாகி மூன்று வருடம் தாண்டிவிட்டால் சாதாரணமாகப் புதுப்பிக்க முடியாது, மறுபடி தேர்வுக்குப் போக வேண்டியிருக்கும். லோரி வேலைதான் நம்பிக்கை என்றால் அந்தச் செலவுக்கு இப்போதே பணம் ஒதுக்குங்கள். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலை தேடும் தளத்தில் பதிவு செய்ய காசு கிடையாது. பணம் கட்டினால் வேலை என்று யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

உள்ளே போவதற்கு முன் பன்னிரண்டு வருடம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் சமையல். சான்றிதழ் ஒன்றுகூட இல்லை. வயது 46. இனிமேல் வகுப்பில் உட்கார முடியுமா? (கெப்போங்)

உட்கார வேண்டியதில்லை, அண்ணே. முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் பி.பி.டி. முறை எஸ்.கே.எம்.மிலேயே இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகச் சேர்த்துக் கொடுத்து மதிப்பீடு பெறலாம். பழைய சம்பளச் சீட்டு, முன்னாள் முதலாளியின் கடிதம், சமைக்கும்போது எடுத்த படம், கல்யாண ஆர்டர் ரசீது, எல்லாம் சேரும். சீட்டெல்லாம் தொலைந்துவிட்டதென்றால் இபிஎஃப் (ஊழியர் சேம நிதி) கணக்கைப் பாருங்கள். எந்தெந்த மாதம் சந்தா கட்டினார்கள் என்பது அதில் இருக்கும்.

அது நடந்துகொண்டிருக்கும்போதே, உணவு கையாள்வோர் பயிற்சியை முடித்துவிடுங்கள், ஒரே நாள்தான். டைஃபாய்டு ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். 2009 உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி இவை இரண்டும் எந்தக் கடைக்கும் தேவை. கேட்பதற்கு முன்னாலேயே இரண்டையும் மேசையில் வைக்கிற ஆளைக் கடைக்காரர் வேறு மாதிரிதான் பார்ப்பார்.

மரச்சாமான் பட்டறை வைத்திருக்கிறேன். பரோலில் இருக்கும் ஒருவரை எடுக்க ஆசை, ஆனால் பயமாகவும் இருக்கிறது. எப்படித் தெரிந்துகொள்வது? (சுங்கை பூலோ)

மற்றவர்களுக்கு வைக்கும் அதே பரிசோதனையை இவருக்கும் வையுங்கள். ஒரு வாரம் சம்பளத்தோடு வேலை கொடுத்து, நேரத்துக்கு வருகிறாரா, அளவு எடுத்து வெட்டுகிறாரா, தப்பு வந்தால் ஒத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். பரோல் முறை நம் நாட்டில் 2008 முதல் இருக்கிறது. அவருக்கென்று ஓர் அதிகாரி உண்டு. அந்த அதிகாரியிடமே கேட்டு, ஆஜராகும் நாள், வீட்டில் இருக்க வேண்டிய நேரம் ஆகியவற்றை ஓவர்டைம் அட்டவணையில் முதலிலேயே குறித்துவிடுங்கள். பின்னால் சிக்கல் வருவது பெரும்பாலும் இதைக் கேட்காமல் விடுவதால்தான்.

வரியில் ஒரு சலுகையும் உண்டு. முன்னாள் கைதி, பரோலில் இருப்பவர் ஆகியோரை மாதம் 4,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்தில் முழுநேர வேலைக்கு எடுத்தால் கூடுதல் வரிக் கழிவு கிடைக்கும் என்று 2019 வரி மதிப்பாண்டில் கொண்டுவந்து, பிறகு 2025 வரை நீட்டித்தார்கள். இப்போதைய நிலையைக் கணக்காளரிடம் கேளுங்கள். இன்னொன்று, அவர் எங்கிருந்து வந்தார் என்பது உங்கள் மேசைக்குள்ளேயே இருக்கட்டும். மற்ற தொழிலாளிகளுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு.

"உள்ளே இருந்து வந்தவனுக்கு இதுவே ஜாஸ்தி" என்று மாதம் 1,200 ரிங்கிட் தருகிறார்கள். முழுநேர வேலை. வாங்கிக்கொள்வதா? (ஜெலுத்தோங்)

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் ஆரம்பித்து, அந்த ஆகஸ்ட் முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் அது பொருந்தும். தண்டனை பெற்றவருக்குத் தனிச் சம்பளம் என்று சட்டத்தில் எங்கேயும் கிடையாது. முதலில் மரியாதையாக இந்தத் தொகையைச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். எது நடந்தாலும் ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள், தம்பி. கையில் பணமாக மட்டும் கொடுத்தால் தேதி, வந்த நேரம், போன நேரம், வாங்கிய தொகை என்று நோட்டில் எழுதுங்கள். புகாருக்கும் அதுதான் வேண்டும், அடுத்த வேலைக்குப் போகும்போது தொடர்ந்து வேலை பார்த்ததற்குக் காட்டவும் அதுதான் வேண்டும்.