தொட்டாலே கடிக்க வரும் பூனைக்கு நகம் வெட்டுவது எப்படி?

மடியில் படுக்கும், தலையைத் தடவக் கொடுக்கும், காலைத் தொட்டால் மட்டும் வேறு ஆளாகிவிடும். உங்கள் பூனையும் இந்த ரகம்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படியென்றால், எல்லா நகத்தையும் ஒரே மூச்சில் வெட்டி முடிக்கும் ஆசையை முதலில் விடுங்கள். அந்த ஆசையில்தான் என் மணிக்கட்டில் நான்கு பல் தடம் விழுந்தது.

எங்கள் பாண்டிக்கு வயது 12. மதுரையில் மூன்றாவது மாடி வீடு, வெளியே போகிற பழக்கமே கிடையாது. வயதான பூனை முன்பு போலப் பிறாண்டாது, நகம் தேயாமல் தடித்துக்கொண்டே போகும். மொசைக் தரையில் அவன் நடந்தால் டக் டக்கென்று சத்தம் கேட்கும். ஒருநாள் போர்வையில் நகம் மாட்டி, போர்வையையும் இழுத்துக்கொண்டு கூடம் வரை வந்துவிட்டான். அன்றைக்குத்தான் நகவெட்டியை எடுத்தேன்.

"ஏண்டா, பூனைக்கு நகம் வெட்டுறதா? அடுத்து பல்லு விளக்கி விடுவியா?" என்றார் அம்மா. கேட்கவில்லை. ஏதோ வீடியோவில் பார்த்த மாதிரி துண்டில் பொட்டலமாகச் சுற்றி, மனைவியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டு நகம் ஆனது. மூன்றாவதில் உதறினான், நான் சதையோடு சேர்த்து வெட்டிவிட்டேன். நகத்துக்குள் ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரியும் பாருங்கள், அதில்தான் ரத்தமும் நரம்பும் ஓடுகிறது. கடுகளவு ரத்தம் துளிர்த்தது. அடுத்த நொடி என் கை அவன் வாயில். லுங்கி முழுக்க மூத்திரம்.

ஷேவிங்குக்கு வைத்திருந்த படிகாரத்தைப் பொடித்து மனைவிதான் அந்த நகத்தில் அழுத்தினாள். ரத்தம் நின்றது. நான் கையைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் குழாயடியில் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டேன். வீட்டுப் பூனைதானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். பாண்டி இரண்டு நாள் பரணை விட்டு இறங்கவில்லை. ஊசியைவிட அதுதான் எனக்கு வலித்தது.

நகத்தை ஏன் வெட்ட வேண்டும், இயற்கையாக விட வேண்டியதுதானே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வெளியே சுற்றும் பூனையென்றால் சரி. நாய் துரத்தினால் மரமேற அதற்கு நகம் வேண்டும். வீட்டோடு கிடக்கும் கிழப்பூனைக்கு முன்னங்கால் கட்டைவிரல் நகம் தரையில் படவே படாது. விட்டால் வளைந்து அதன் சதையிலேயே குத்தும். நகத்தை வேரோடு எடுக்கும் அறுவை சிகிச்சையோடும் இதைச் சேர்த்துப் பேசாதீர்கள். அதில் விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுக்கிறார்கள்.

      

இப்போது என்ன செய்கிறேன் என்றால், பத்து நாள் நகவெட்டியே எடுக்காமல் வெறுமனே பாதத்தைத் தொட்டுவிட்டு வேகவைத்த மீன் துணுக்கு ஒன்று கொடுத்தேன். அப்புறம், மதியம் சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கும்போது விரல் மேட்டை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே நீளும். கொக்கி மாதிரி வளைந்த நுனியை மட்டும், ரோஜா கோட்டைவிட்டுத் தள்ளி, ஒரு வெட்டு. அன்றைக்கு அவ்வளவுதான். முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நான்கு, ஆக 18 நகம், 18 நாள். பத்தொன்பதாம் நாள் முதல் நகம் மறுபடி வளர்ந்து நிற்கும். மறக்காமல் இருக்கத் தினசரி காலண்டரில் 'வ.மு. 3' என்று எழுதி வைப்பேன். வலது முன்னங்கால், மூன்றாவது. அம்மா அதைச் சீட்டுக் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நகவெட்டி கூர்மையாக இருக்கட்டும். மழுங்கியது நகத்தை வெட்டாது, நசுக்கிப் பிளக்கும். எதற்கும் மசியவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். தூங்க வைக்கிறேன் என்று நம் மாத்திரை எதையும் நசுக்கிக் கொடுத்துவிடாதீர்கள். சாதாரணப் பாராசிட்டமாலே பூனையைக் கொன்றுவிடும்.

இன்று இடது பின்னங்கால், மூன்றாவது நகம். இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வாஷிங் மெஷின் மேல் ஏறியிருக்கிறான். வால் இன்னும் ஆடுகிறது. கால் மணி நேரம் போகட்டும்.