பின்னால் ஓடும் பையன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகன் டெக்சாஸில் பள்ளி அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறான். டிஃபென்சிவ் எண்ட், அதாவது தடுக்கும் அணியின் முன்வரிசையில் ஓரத்தில் நிற்பவன். நல்ல உயரம், நல்ல வேகம். ஆனால் அவனுடைய கோச் சில ஆட்டங்களில், பந்தை வீசும் குவார்ட்டர்பேக் மேல் பாய வேண்டியவனைப் பின்னால் ஓடி எதிரணியின் பாஸைத் தடுக்கச் சொல்கிறார். ஆறேழு பேரை ஒரேயடியாக பிளிட்ஸ் அனுப்பினால், அதாவது குவார்ட்டர்பேக் மேல் பாய விட்டால், எதிரணி என்ன செய்ய முடியும்? இது பயந்த ஆட்டம் இல்லையா? பாய்ச்சலுக்குப் பேர்போன நியூயார்க் ஜயன்ட்ஸ் வீரர் லாரன்ஸ் டெய்லரை யாராவது பின்னால் ஓடச் சொல்லியிருப்பார்களா? இன்னொன்று, அவன் உடம்பில் எவ்வளவு எடை ஏற்ற வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

டெய்லரை நீங்கள் சாட்சிக்கு அழைத்திருக்க வேண்டாம். 1982 தேங்க்ஸ்கிவிங் அன்று டெட்ராய்டில் லயன்ஸ் அணி வீசிய பாஸைக் குறுக்கே புகுந்து பறித்து, 97 யார்டு ஓடி டச்டவுன் போட்டவர் அவர்தான். குவார்ட்டர்பேக் மேல் பாய்ந்துகொண்டே யாரும் அதைச் செய்ய முடியாது.

பயம், வீரம் என்ற பேச்சை விடுங்கள். இது விரல்விட்டு எண்ணுகிற கணக்கு. உங்கள் பக்கம் பதினோரு பேர். ஆறு பேரை அனுப்பினால் மிச்சம் ஐந்து. எதிரணியில் பாஸ் வாங்கக்கூடியவர்களும் ஐந்து. ஆளுக்கு ஆள் சரியாகிவிட்டது, ஆழத்தில் காவலுக்கு ஒருவரும் இல்லை. அந்த ஆறாவது ஆள் போய்ச் சேர்வதற்குள் பந்து கையை விட்டுப் போய்விடும். ஐந்து யார்டு ஸ்லான்ட்தான்: ரிசீவர், அதாவது பாஸ் வாங்குபவர், சாய்வாக உள்ளே வெட்டி வாங்கும் குட்டைப் பாஸ். ஓரத்து ரிசீவரைக் காக்கும் கார்னர்பேக் ஒருவன் கால் வழுக்கினால் அவனுக்குப் பின்னால் கோல் கோடு வரை வெறும் புல்.

உங்கள் மகனுக்குக் கொடுத்திருக்கும் வேலை மண்டல பிளிட்ஸ்: பாய வேண்டியவன் பின்வாங்குவான், அவனுக்குப் பதில் வேறு ஆள் பாய்வான், மற்றவர்கள் ஆளை அல்ல, ஆளுக்கொரு இடத்தைக் காப்பார்கள். 1972 மயாமி அணியின் தடுப்புக் கோச் பில் ஆர்ன்ஸ்பார்கர், பாப் மாதசன் என்ற 53ஆம் எண் லைன்பேக்கரை, அதாவது முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் ஆளை, பாயவும் விடுவார், பின்னால் இறங்கவும் விடுவார். எது என்று எதிரணிக்குத் தெரியாது. எண்பதுகளில் சின்சினாட்டியில் டிக் லபோ என்ற கோச் அதை முழு முறையாக வளர்த்தெடுத்தார்.

உங்கள் மகன் வலது எண்ட் என்று வைத்துக்கொள்வோம். இடது பக்கத்திலிருந்து ஒரு லைன்பேக்கரும் உள்பக்க ரிசீவரைக் காக்கும் ஸ்லாட் கார்னரும் வருகிறார்கள். மொத்தம் ஐந்து பேர் பாய்ச்சல், ஆறு பேர் காவல்: மூவர் ஆழத்தை மூன்றாகப் பங்குபோடுகிறார்கள், மூவர் அவர்களுக்கு முன்னால். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் எதிரணி டேக்கிள் உங்கள் மகனை அடிக்கக் கையை ஓங்குகிறான். அங்கே ஆள் இல்லை. முந்நூறு பவுண்டு ஆசாமி காற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறான். மறுபக்கம் மூன்று பேரை இரண்டு பேர் தடுக்கத் திணறுகிறார்கள். பிளிட்ஸ் வந்த பக்கம் காலியான இடத்துக்கு நடு லைன்பேக்கரும், வழக்கமாகப் பின்னால் காக்கும் சேஃப்டியும் நகர்ந்துவிட்டார்கள். குவார்ட்டர்பேக் அவசரமாக எதிர்ப்பக்க ஸ்லான்ட்டைப் பார்க்கிறான். பந்து போகும் அந்த வழியில்தான் உங்கள் பையன் நிற்கிறான். அவனை நிறுத்தியவரையா கோழை என்கிறீர்கள்?

இதில் பையன்கள் தப்பு செய்யும் இடங்கள் தெரிந்தவைதான். முதல் எட்டு முன்னால் வைக்க வேண்டும், டேக்கிள் கையை ஓங்கும் அளவுக்கு. அதை விழுங்கிவிட்டு நேரே பின்னால் ஓடினால் டேக்கிள் சும்மா இருப்பானா, உள்ளே திரும்பி, பக்கத்தில் நிற்கும் கார்டுக்கு ஒத்தாசை செய்வான், பிளிட்ஸ் செத்தது. அடுத்து, பதட்டத்தில் பத்துப் பன்னிரண்டு யார்டு ஆழம் போய்விடுவார்கள். ஸ்லான்ட் அவர்கள் மூக்குக்கு முன்னாலேயே பிடிபடும். மூன்றாவதுதான் மோசம்: கண்ணைக் குவார்ட்டர்பேக் மேலேயே ஒட்டிவைப்பது. ஓரக் கோட்டிலிருந்து உள்ளே எண்ணினால் வரும் இரண்டாவது ரிசீவர் மேல் முதலில் கண் போக வேண்டும். அந்த ரிசீவர் நேரே ஆழத்துக்கு ஓடினால் கூடவே போக வேண்டும். நாலு ரிசீவர்கள் நேராக ஓடும்போது ஆழத்தில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்பது இந்த ஆட்டத்தின் நிரந்தர ஓட்டை. அதை அடைப்பது உங்கள் மகன் வேலை.

2009 பிப்ரவரி, டாம்பா, சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டி. முதல் பாதியின் கடைசி நொடிகள். பந்து அரிசோனாவிடம், பிட்ஸ்பர்க் கோல் கோட்டுக்கு ஒரு யார்டில். லபோவின் பிட்ஸ்பர்க் அணியில் ஜேம்ஸ் ஹாரிசனுக்குக் கொடுத்த உத்தரவு பாய்வதுதான். அவர் பாய்வதுபோல் ஒரு அசைவு காட்டி, நின்று, பின்னால் நழுவினார். அரிசோனா குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் போல்டின் என்ற ரிசீவருக்கு விட்ட பந்து நேராக ஹாரிசன் கையில். 100 யார்டு, டச்டவுன். உத்தரவை மீறியவர் என்று உங்கள் மகனுக்குச் சொல்லிவிடாதீர்கள். பதினாறு வயதில் அது வேறு மாதிரி காதில் விழும். அந்த முதல் அசைவை மட்டும் பத்துத் தடவை ஓட்டிக் காட்டுங்கள். வார்னரின் கண் எங்கே ஏமாறுகிறது என்று அவனே சொல்லட்டும்.

ஆளைக் கூட்டித்தான் நெருக்க வேண்டும் என்றும் இல்லை. 2008 சூப்பர் பவுலில் நியூயார்க் ஜயன்ட்ஸின் தடுப்புக் கோச் ஸ்டீவ் ஸ்பேக்னுவோலோ, எண்டாக ஆடும் ஜஸ்டின் டக்கைப் பல தடவை உள்ளே நகர்த்தி, மெதுவான கார்டுகளுக்கு எதிரே நிறுத்தினார். அந்தப் பருவத்தில் அதுவரை தோற்காத பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் பிரேடி ஐந்து முறை சாக் ஆனார், அதாவது பந்தை வீசுமுன்பே விழுத்தப்பட்டார்.

உங்கள் ஆதங்கம் புரிகிறது. பையன் பாய்ந்து விழுத்தினால் அரங்கம் எழுந்து நிற்கும், பின்னால் ஓடினால் அப்பாகூட கவனிக்க மாட்டார். இந்த வெள்ளிக்கிழமை பந்தை விட்டுவிட்டு அவனை மட்டும் பாருங்கள். முதல் எட்டு முன்னால் விழுகிறதா என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

எடை கேட்டிருந்தீர்கள். கோச்சிடமும் டாக்டரிடமும் கேளுங்கள். கடையில் விற்கும் பொடியை எல்லாம் வாங்கிக் கொடுக்காதீர்கள்.