ஆஸ்திரேலியாவின் கார்பன் சண்டை: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

நான் பிறந்து வளர்ந்தது முப்பந்தல் பக்கம். பதினெட்டு வருடமாக அடிலெய்டில் மின்கட்டமைப்புத் துறையில் வேலை பார்க்கிறேன். தேர்தல் வந்தாலே நம் வீட்டு விசேஷங்களில்கூட கரண்ட் பில், நிலக்கரி, அணு உலை என்று பேச்சு சூடாகிவிடுகிறது. கேள்விகளை அனுப்பச் சொன்னேன், நிறையவே வந்தன. என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூமி சூடாவதற்கு மனிதர்கள்தான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு என்ன செய்வது, செலவை யார் சுமப்பது என்பதில் நியாயமான கருத்து வேறுபாடு உண்டு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியதுதான் இந்த நாட்டின் முப்பது வருடக் கதை.

கதிர், மெல்பர்ன்: அக்கா, நான் இங்கே வந்து நாலு வருடம்தான் ஆகிறது. இந்த விஷயத்தால் பிரதமர்களே பதவி இழந்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான் தம்பி, ஆனால் ஆரம்பத்தில் இது கட்சிச் சண்டையே இல்லை. 1990 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் கார்பன் உமிழ்வைக் குறைப்போம் என்றுதான் சொன்னார்கள். 2007ல் பிரதமர் ஜான் ஹோவர்டும் எதிர்க்கட்சித் தலைவர் கெவின் ரட்டும் உமிழ்வு வர்த்தகத் திட்டம் (உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து, அதற்கான அனுமதியை நிறுவனங்கள் வாங்கி விற்கும் முறை) கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்தே ஓட்டுக் கேட்டார்கள்.

உடைந்தது 2009 டிசம்பரில். அப்போது ரட் பிரதமர். எதிர்க்கட்சியான லிபரல் கட்சியின் தலைவர் மால்கம் டர்ன்புல், ரட்டின் திட்டத்தை ஆதரித்தார். அவருடைய சொந்தக் கட்சியே 42க்கு 41 என்று ஒரே ஒரு ஓட்டில் அவரை இறக்கிவிட்டு டோனி அபாட்டைத் தலைவராக்கியது. மறுநாள் செனட்டில் திட்டம் தோற்றது. பசுமைக் கட்சியும் எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டது, இலக்கு போதாது என்று. லிபரல் கட்சியின் இரண்டு செனட்டர்கள் கட்சி மாறி ஆதரித்திருந்ததால், பசுமைக் கட்சியின் ஐந்து ஓட்டும் சேர்ந்திருந்தால் சட்டம் நிறைவேறியிருக்கும். அந்த ஒரு வாரம் வேறு மாதிரி போயிருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பருவநிலை மாற்றத்தைத் தலைமுறையின் பெரிய தார்மீகச் சவால் என்று சொன்ன ரட், 2010 ஏப்ரலில் திட்டத்தைத் தள்ளிவைத்தார். ஜூனில் பதவி போனது. திரும்பவும் மேலே வந்து பிரதமரான டர்ன்புல் 2018ல் மறுபடி ஓர் எரிசக்தித் திட்டத்தோடு கட்சிக்குள் மல்லுக்கட்டி, மறுபடி பதவி இழந்தார். எல்லாவற்றுக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் இது உள்ளே இருந்தது.

மீனாட்சி, பாரமட்டா: அந்தக் கார்பன் வரியால் மக்கள் நிஜமாகவே கஷ்டப்பட்டார்களா?

ரட்டுக்குப் பின் பிரதமரான ஜூலியா கில்லார்டின் அரசு 2012 ஜூலை 1ல் பெரிய நிறுவனங்களின் உமிழ்வுக்கு டன்னுக்கு 23 டாலர் விலை வைத்தது. வீட்டுக்கு வாரம் 9.90 டாலர் கூடும் என்று கருவூலத் துறை கணக்குச் சொன்னது. அதை ஈடுகட்ட ஓய்வூதியத்தையும் கூட்டி, வருமான வரி இல்லாத வரம்பை 6,000 டாலரிலிருந்து 18,200 ஆக்கினார்கள். 2014 ஜூலையில் அபாட் அரசு கார்பன் விலையை ரத்து செய்தது. அந்த 18,200 மட்டும் அப்படியே இருக்கிறது. உங்கள் வரிக் கணக்கை எடுத்துப் பாருங்கள், அது எந்தச் சண்டையின் மிச்சம் என்று இங்கே பலருக்குத் தெரியாது.

என் பார்வையில் திட்டம் நல்ல திட்டம், அதை விற்ற விதம் மோசம். தேர்தலுக்கு முன் "என் ஆட்சியில் கார்பன் வரி கிடையாது" என்று கில்லார்ட் சொன்னார். பிறகு இதை வரி என்று எல்லோரும் சொன்னபோது மறுக்காமல் விட்டார். அது தவறு என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அபாட்டின் தலைமை அதிகாரியாக இருந்த பீட்டா கிரெட்லின் 2017ல் டிவியில், அது கார்பன் வரியே இல்லை, அரசியலுக்காக அப்படி ஆக்கினோம் என்ற பொருளில் பேசினார். கேட்டபோது எனக்கு ஆத்திரமாக வந்தது.

ரமணி, பெர்த்: பூமி முன்பும் சூடாகிக் குளிர்ந்திருக்கிறதே. இப்போது மட்டும் மனிதன் காரணம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

நல்ல கேள்வி. இதைக் கேட்பவரை முட்டாள் என்று சொல்பவர்கள் விவாதத்தைக் கெடுக்கிறார்கள்.

டாஸ்மேனியாவின் வடமேற்கு முனையில் கேப் கிரிம் என்று ஒரு கடலோரக் குன்று. தெற்குப் பெருங்கடல் காற்று நேராக வந்து மோதும் இடம். 1976லிருந்து அங்கே காற்றை அளக்கிறார்கள். அதோடு எஃகு உருளைகளில் அடைத்தும் சேமிக்கிறார்கள், 1978ல் அடைத்த காற்று இன்றும் இருக்கிறது. ஆரம்பத்தில் பத்து லட்சத்தில் சுமார் 330 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு 2016 மே மாதத்தில் 400ஐத் தாண்டியது. அது எங்கிருந்து வந்தது என்பதற்கும் தடயம் உண்டு. நிலக்கரி, எண்ணெய் எல்லாம் கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்கடியில் கிடந்தவை, கதிரியக்கக் கார்பன் 14 அவற்றில் மிஞ்சியிருக்காது. அவற்றை எரிக்க எரிக்க, காற்றிலுள்ள கார்பனில் 14ன் பங்கு குறைகிறது. அளவீட்டில் அது தெரிகிறது. எரிமலைகள், சூரியன் என்று மற்ற காரணங்களையும் பார்த்துத்தான் ஒதுக்கினார்கள். 1910லிருந்து ஆஸ்திரேலியா சுமார் 1.5 டிகிரி சூடாகியிருக்கிறது.

பிரகாஷ், அடிலெய்டு: 2016ல் நம் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலமே இருண்டது காற்றாலையால்தானே? நீங்கள் அந்தத் துறையில் இருப்பவர், மழுப்பாமல் சொல்லுங்கள்.

மழுப்பவில்லை தம்பி. 2016 செப்டம்பர் 28, புதன்கிழமை. மாலை நாலு மணிக்குச் சற்று முன் எங்கள் அலுவலகத்தில் விளக்குகள் இரண்டு முறை மங்கி, அப்புறம் மொத்தமாக அணைந்தன. படியில் இறங்கி வெளியே வந்தால் ஒரு சிக்னல்கூட எரியவில்லை. கொட்டும் மழையில் கார்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஊர்ந்துகொண்டிருந்தன. மகளைக் காப்பகத்திலிருந்து கூட்டி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. டார்ச் வெளிச்சத்தில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். சூறைக்காற்று இருபதுக்கும் மேற்பட்ட உயர் அழுத்தக் கோபுரங்களைச் சாய்த்தது. இரண்டே நிமிடத்தில் மின்னழுத்தம் ஆறு முறை சரிந்தது. இப்படி அடுத்தடுத்துச் சரிந்தால் தன்னைக் காத்துக்கொள்ள விலகிவிட வேண்டும் என்று ஒன்பது காற்றாலைப் பண்ணைகளின் கட்டுப்பாட்டில் ஓர் அமைப்பு இருந்தது. அவை விலகின, 456 மெகாவாட் போனது. அந்தப் பாரம் மொத்தமும் விக்டோரியாவிலிருந்து வரும் ஹேவுட் இணைப்பின் மேல் விழ, ஒரு நொடிக்குள் அதுவும் துண்டித்துக்கொண்டது.

ஆக, காற்றாலைக்குப் பங்கே இல்லை என்பவரும் தவறு, காற்றாலைதான் காரணம் என்பவரும் தவறு. அந்த அமைப்பு அத்தனை சரிவுக்கு இடமில்லாமல் இருந்தது பெரிய குறை, பிறகு மாற்றிவிட்டார்கள். ஆனால் மின்சாரம் முழுதாகத் திரும்பும் முன்பே கான்பெராவில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். சில மாதம் கழித்து, 2017 பிப்ரவரியில், அன்றைய நிதியமைச்சர் ஸ்காட் மாரிசன் நாடாளுமன்றத்துக்குள் ஒரு நிலக்கரித் துண்டைக் கொண்டுவந்து "பயப்படாதீர்கள்" என்று காட்டினார். காற்றாலைகளை விலகச் செய்த அந்தக் கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை.

ஷாலினி, பிரிஸ்பேன்: அப்படியானால் என் கரண்ட் பில் ஏறியது எதனால்?

2008 முதல் பத்து வருட ஏற்றத்தைப் போட்டி, நுகர்வோர் ஆணையம் 2018ல் ஆராய்ந்தது. கம்பமும் கம்பியும்தான் முதல் காரணம் என்று தெரிந்தது. தேவை ஏறிக்கொண்டே போகும் என்று நினைத்து வலையமைப்பில் பணத்தைக் கொட்டினார்கள், அந்த அளவுக்குத் தேவை ஏறவில்லை. பசுமைத் திட்டங்களின் செலவும் பில்லில் உண்டு, சிறிய பங்கு. 2022ல் உக்ரைன் போருக்குப் பின் எரிவாயுவும் நிலக்கரியும் விலை ஏறியது வேறு கதை.

அருண், டார்வின்: உலக உமிழ்வில் நம் பங்கு சுமார் ஒரு சதவீதம். நாம் நிறுத்தி என்ன ஆகப்போகிறது?

தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் உலகிலேயே மேல்வரிசையில் இருக்கிறோம். ஏற்றுமதி செய்யும் நிலக்கரியும் எரிவாயுவும் அந்தக் கணக்கில் சேராது. நம் பங்கு சின்னது என்று ஒவ்வொரு சிறிய நாடும் சொன்னால், மிச்சம் இருப்பது எத்தனை நாடு?

கனகா, சென்னை: அணு மின்சாரத்தை ஏன் எதிர்க்கிறீர்கள்? கூடங்குளம் ஓடுகிறதே.

கொள்கையாக நான் எதிர்க்கவில்லை. இங்கே அது 1998லிருந்து சட்டப்படி தடை, என் கருத்தில் அந்தத் தடையை எடுத்துவிடலாம். என் கவலை காலம்தான். கூடங்குளத்துக்கு 1988ல் ஒப்பந்தம், 2002ல் கட்டுமானம், முதல் உலையின் மின்சாரம் வந்தது 2013 அக்டோபரில். அதுவும் அணு உலை அனுபவமுள்ள நாட்டில். 2024ல் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன் ஏழு இடங்களில் உலை கட்டுவோம் என்றார், முதலாவது 2030களின் நடுவில். இங்குள்ள பழைய அனல் நிலையங்களில் பெரும்பாலானவை அதற்குள் மூடிவிடும். தேசிய அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் விலைக் கணக்கு சாதகமாக இல்லாதபோது அந்தக் கணக்கையே அவர் குறை சொன்னார். கணக்கில் தவறிருந்தால் எந்த வரி என்று காட்டுவதுதான் முறை. 2025 மே தேர்தலில் கட்சியும் தோற்றது, அவர் தொகுதியும் போனது.

சேவியர், லாட்ரோப் பள்ளத்தாக்கு: ஹேசல்வுட்டில் ஒப்பந்த வேலை பார்த்தேன். எங்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

நீங்கள் சொல்வதுதான் இதில் எல்லாவற்றையும் விட முக்கியம் அண்ணா. ஹேசல்வுட், விக்டோரியாவின் மின்சாரத்தில் கால்பங்கு வரை கொடுத்த நிலக்கரி மின்நிலையம். 2016 நவம்பரில் அறிவிப்பு, 2017 மார்ச் கடைசியில் பூட்டு. ஐந்து மாதம்கூட இல்லை. பிறகுதான் மூடும் தேதியை மூன்றரை வருடம் முன்பே சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. 2019ல் அதானி நிலக்கரிச் சுரங்கத்தை எதிர்த்து தெற்கிலிருந்து குயின்ஸ்லாந்துக்குக் கார் ஊர்வலம் போனார்கள். நானும் அந்தச் சுரங்கம் வேண்டாம் என்றவள்தான். ஆனால் அங்குள்ள சுரங்க ஊரான கிளெர்மான்ட் மக்களிடம் உங்கள் வேலை தப்பு என்று சொல்லப் போனவர்கள், வேறு என்ன வேலை என்று சொல்லவில்லை. அந்த வருடத் தேர்தலில் குயின்ஸ்லாந்து லேபர் கட்சியைக் கைவிட்டதைப் பார்த்தோம். உங்கள் அனுபவத்தை விரிவாக எழுதி அனுப்புங்கள், அடுத்த முறை அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தேவி, ஹோபார்ட்: என் மாமா இதெல்லாம் பொய் என்கிறார். பேசினால் சண்டைதான் வருகிறது.

என் மாமனாரும் அப்படித்தான் தேவி. நாங்கள் அறிவியலை விட்டுவிட்டு செலவைப் பற்றி மட்டும் பேச ஆரம்பித்தோம், பேச்சு ஓடியது. பூமி சூடாவதை அவர் இன்னும் நம்பவில்லை. ஆனால் போன வருடம் கூரையில் 6.6 கிலோவாட் சோலார் போட்டார். தினமும் மாலை ஃபோனில் எத்தனை யூனிட் என்று பார்த்து, சமையலறையில் தொங்கும் முருகன் காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே பென்சிலால் குறித்துவைக்கிறார். நேற்று 31.