மொழி கேட்போம்: ஒரு கதைக்கு இரண்டு மொழிகள்

கேள்வி: நான் ஒரு நெடுங்கதை எழுதிவருகிறேன். அதில் கடற்கரை மக்களுக்கு ஒரு மொழியும் மலை மக்களுக்கு ஒரு மொழியும் உண்டு. இரண்டுக்கும் தலா ஐம்பது சொற்களை உருவாக்கி என் தோழியிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டும் ஒரே மொழியைப் போல இருக்கின்றன என்கிறாள். எங்கே பிழை செய்தேன்?
– கல்லூரி மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: நீங்கள் அனுப்பிய இரு பட்டியல்களையும் உரக்க வாசித்துப் பார்த்தேன். தோழி சொன்னது சரிதான். கடல் மக்களின் ‘திரவன்’, ‘கலிமம்’, ‘நெடலி’ என்ற சொற்களும் மலை மக்களின் ‘குடவன்’, ‘மரிகம்’, ‘தொரளி’ என்ற சொற்களும் ஒருதாய்ப் பிள்ளைகளாகவே ஒலிக்கின்றன. அந்தத் தாய் தமிழ். சொற்கள் புதியவை, ஆனால் எந்த எழுத்தில் ஒரு சொல் தொடங்கலாம், எதில் முடியலாம், எதன் பக்கத்தில் எது நிற்கலாம் என்ற விதிகள் முழுவதும் பழையவை. மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்று தொல்காப்பியம் வகுத்துச் சொன்னவை அவைதான். அதைப் படித்திராதவர் நாக்கிலும் அவை குடியிருக்கின்றன. நம் தெருவில் ‘ஸ்கூல்’ என்ற சொல் ‘இஸ்கூலு’ என்று இகரத்தோடு தொடங்குவதற்கு அதுவே காரணம். முன்னால் நின்ற கூட்டுமெய்யைத் தாங்க ஓர் இகரமும், பின்னால் பேச்சுவழக்கின் ஓர் உகரமும் தாமாகவே வந்து சேர்கின்றன.

ஆகவே சொற்பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு மாலை உங்கள் வீட்டருகிலுள்ள எம்.சி. ரோட்டுக்குப் போய், ஏதாவது ஒரு ஜவுளிக்கடை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். ஒரு விற்பனையாளர் ‘ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு’ என்று எண்ணுவார். அடுத்தவர் ‘ஏக், தோ, தீன், சார், பாஞ்ச்’ என்று எண்ணுவார். பொருள் தெரியாதவருக்குக்கூட இவை வேறு மொழிகள் என்பது நான்காம் எண்ணுக்குள் விளங்கிவிடும். தெலுங்கு எண்கள் எல்லாம் உயிரில் முடிகின்றன. இந்தியில் ‘ஏக்’, ‘சாத்’, ‘ஆட்’ என்று வல்லின மெய்யிலேயே சொல் நின்றுவிடுகிறது. செந்தமிழ் அதற்கு ஒருபோதும் இடம் தராது. ஒரு மொழி எவற்றை ஏற்க மறுக்கிறது என்பதிலிருந்துதான் நம் காது அதை அடையாளம் காண்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.

செய்து காட்டுகிறேன். கடல் மொழிக்கு அ, இ, உ என்ற மூன்று உயிர்களும் அவற்றின் நெடில்களும் போதும். மெய்களில் ம, ந, ல, ர, வ, ய இருக்கட்டும். வல்லினத்தில் தகரம் மட்டும். எந்த அசையும் மெய்யில் முடியக் கூடாது. இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வரக் கூடாது. மலை மொழியில் இதற்கு நேர்மாறாக ஒவ்வொரு வேர்ச்சொல்லும் ஓரசையாக இருந்து க், ட், ப் ஆகியவற்றில் ஒன்றில் முடியட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் கூட்டுமெய் வரலாம். மூக்கொலி ஒன்றுகூட வேண்டாம். இது நடவாத கற்பனை அல்ல. அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் பழங்குடி மக்கள் பேசிய லுஷூட்சீட் மொழியில், முன்பு மகரமும் னகரமும் இருந்த இடங்களில் பிற்காலத்தில் மூக்கொலி நீங்கி, ஆங்கில ‘பி’, ‘டி’ எழுத்துகளின் அதிர்வுள்ள ஒலிகள் வந்து நின்றுவிட்டன.

இனி இலக்கணம். ‘மீனவன் கடலைப் பார்த்தான்’ என்ற உங்கள் வாக்கியத்தை இரு மொழிகளிலும் சொல்லுக்குச் சொல் மாற்றிவைத்திருக்கிறீர்கள். எழுவாய் முன்னே, வினை பின்னே, இரண்டாம் வேற்றுமை உருபு நடுவே என்று தமிழ் வாக்கியமே இருமுறை வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. கடல் மொழியில் உருபுகள் ஒட்டிக்கொள்ளட்டும், ஆனால் தமிழைப் போல அல்ல. ஒட்டும் உருபின் உயிர், சொல்லின் கடைசி உயிரைப் பின்பற்றட்டும். துருக்கி மொழியிலும் பின்னிஷ் மொழியிலும் இத்தகைய உயிர் இசைவு உண்டு. மீனவன் ‘நாவு’, கடல் ‘மலி’, பார்த்தல் ‘தாரு’ என்று கொண்டால், ‘நாவு மலிவி தாருயு’ என்பது உங்கள் வாக்கியம் (‘வி’ இரண்டாம் வேற்றுமை உருபு, ‘யு’ இறந்தகால உருபு). கடல்தான் மீனவனைப் பார்த்தது என்றால் ‘மலி நாவுவு தாருயு’. உருபு இருப்பதால் சொற்களை எப்படி வேண்டுமானாலும் முன்பின்னாக மாற்றலாம், பொருள் கெடாது.

மலை மொழியில் உருபே வேண்டாம். மீனவன் ‘ஸ்கட்’, கடல் ‘ப்ரக்’, பார்த்தல் ‘டிஸ்க்’, இறந்தகாலத்துக்கு ஒரு தனிச்சொல் ‘ஒட்’. காலச்சொல், வினை, எழுவாய், செயப்படுபொருள் என்ற வரிசையில் ‘ஒட் டிஸ்க் ஸ்கட் ப்ரக்’ என்றாகிறது. கடைசி இரண்டு சொற்கள் இடம் மாறினால் பார்த்தவன் பார்க்கப்பட்டவன் ஆகிவிடுவான். ஒன்றில் பொருள் உருபில் இருக்கிறது, மற்றதில் இடத்தில் இருக்கிறது. இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால் பல முடிவுகள் அதன் பின்னாலேயே வரும்: கடல் மக்களின் சொற்கள் நீளும், பாடல்களில் சொற்கள் தாராளமாக இடம் மாறும், மலை மக்களின் பேச்சு குறுகும், அவர்களின் சிலேடைகள் வரிசைப் பிறழ்ச்சியில் பிறக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த ஒலிகளை மொழி வேறு வேறாக எண்ணுகிறது என்பதையும் நீங்களே தீர்மானிக்க வேண்டும். ‘பகல்’, ‘பக்கம்’, ‘பங்கு’ ஆகிய மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலித்தாலும் நமக்கு அது ஒரே எழுத்துதான். அரபியிலோ, அடித்தொண்டைக் ககரத்தோடு ‘கல்ப்’ என்றால் இதயம். நம் ககரத்தோடு சொன்னால் நாய். மண்ணடியில் குர்ஆன் ஓதக் கற்ற பிள்ளைகள் இதை முதல் வாரத்திலேயே திருத்தம் வாங்கிப் படித்திருப்பார்கள்.

கேள்வி: முரட்டு மக்களுக்கு முரட்டு ஒலியும் நல்லவர்களுக்கு மெல்லொலியும் தருவதுதானே பொருத்தம்?
– வாசகர், காசிமேடு

பதில்: காசிமேட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு வருத்தமே. வடிவத்துக்கும் ஒலிக்கும் ஓர் உறவு உண்டு என்பது உண்மைதான். கூரிய வடிவத்துக்குக் ‘கிகி’ என்றும் உருண்ட வடிவத்துக்குப் ‘பூபா’ என்றும் மிகப் பலர் பெயர் பொருத்துவதை ராமச்சந்திரன், ஹப்பார்ட் என்ற ஆய்வாளர்கள் 2001-இல் எழுதினார்கள். ஆனால் கூர்மை என்பது கெட்ட குணம் அல்லவே. ‘ஸ்டார் ட்ரெக்’ படங்களில் வேற்றுக்கிரகத்தார் பேசும் கிளிங்கான் மொழியை உருவாக்கிய மார்க் ஓக்ராண்ட், அது வேற்றுக்கிரகத்தாரின் பேச்சாகத் தோன்றுவதற்காக, உலக மொழிகளில் சேர்ந்து வருவது அரிதான ஒலிகளைச் சேர்த்தார். செயப்படுபொருள், வினை, எழுவாய் என்ற அரிய வரிசையையும் தேர்ந்தார். அதே வரிசை அமேசான் காட்டின் ஹிஷ்காரியானா மக்களின் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. நமக்கு அரிதாகப் படுவது அவர்களுக்குத் தாலாட்டு மொழி.

உங்கள் ஊர்ப் பேச்சைக் கரடுமுரடு என்று வெளியார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒலியை மட்டும் பாருங்கள். ‘வாழைப்பழம்’ என்பது ‘வாயப்பயம்’ ஆகும்போது, நாக்கை மடித்துச் சொல்லும் ழகரம் மென்மையான யகரமாகிறது. ‘வந்துகொண்டு’ என்பது ‘வந்துகினு’ ஆகும்போது வல்லினமான டகரம் விழுந்து னகரம் நிற்கிறது. ஒலி இளகியிருக்கிறது, முரடு என்ற பெயர் மட்டும் போகவில்லை. அந்தப் பெயர் ஒலிக்கு வந்ததல்ல, பேசுகிறவரின் தொழிலையும் தெருவையும் பார்த்து வைத்தது. அதே வேலையை உங்கள் கதையிலும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: எஸ்பெராண்டோ உலகிலேயே எளிய மொழி என்கிறார்களே, உண்மையா?
– ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி, பெரம்பூர்

பதில்: இலக்கணத்தில் பெரும்பாலும் உண்மை. சாமன்ஹோஃப் என்பவர் தாமே உருவாக்கி 1887-இல் வெளியிட்ட அந்த மொழியில் பெயர்ச்சொல் எல்லாம் ஓகாரத்திலும் பெயரடை எல்லாம் ஆகாரத்திலும் முடியும். ‘மால்’ என்ற ஒரு முன்னொட்டைச் சேர்த்தால் சொல் எதிர்ப்பொருள் தரும். ஒலியில் மட்டும் அவர் பிறந்து வளர்ந்த, இன்றைய போலந்திலுள்ள பியாலிஸ்டாக் நகரத்தின் காதுதான் வேலை செய்திருக்கிறது. ‘அறிதல்’ என்ற அடிப்படைச் சொல்லே ‘ஸ்ட்ஸீ’ என்பதை ஒத்துத் தொடங்குகிறது. அங்கே கேட்ட போலிஷ், ரஷ்ய மொழிகளில் அத்தகைய கூட்டுமெய்கள் சாதாரணம். பெரம்பூரில் அதற்கு முன்னால் ஓர் இகரம் நிச்சயம் முளைக்கும்.

கேள்வி: நம்மவர் யாராவது இப்படி மொழி செய்திருக்கிறார்களா?
– பள்ளி மாணவர், கொருக்குப்பேட்டை

பதில்: ஆம். 2015-இல் வெளிவந்த ‘பாகுபலி’ படத்துக்காக மதன் கார்க்கி ‘கிலிக்கி’ மொழியை உருவாக்கினார். அதில் ‘மின்’ என்றால் நான். அதையே திருப்பி ‘நிம்’ என்றால் நீ.

கேள்வி: இரண்டு கற்பனை மொழிக்காரர்கள் ஒரே சந்தையில் கூடினால், ஒருவர் சொல்லை மற்றவர் எப்படிச் சொல்வார் என்பதற்கு விதி உண்டா?
– ஆசிரியை, திருவொற்றியூர்

பதில்: உண்டு; கடன் வாங்கும் மொழி தன் விதியைத்தான் கையாளும். ‘கிறிஸ்மஸ்’ என்ற சொல்லை வாங்கிய ஹவாய் மொழியில் சகரமும் இல்லை, கூட்டுமெய்யும் இல்லை என்பதால், அது ‘கலிகிமாகா’ என்று நீண்டது. நம்மிடம் உருதுவின் ‘நாஷ்தா’ வந்தபோது பல்லொலித் தகரம் டகரமாகி ‘நாஷ்டா’ ஆயிற்று.

வண்ணாரப்பேட்டை மாணவியின் கதைக்கும் இதையே பொருத்திப் பார்க்கலாம். மலைக்காரருக்கு மகரம் வராது, சொல்லும் வல்லினத்தில் முடிய வேண்டும். ஆகவே ‘மலி’ என்பதை அவர் ஓரசையாக்கிப் ‘பல்க்’ என்பார். கடல்காரிக்குப் பகரமும் ககரமும் இல்லை, கூட்டுமெய்யும் ஆகாது. ‘ப்ரக்’ என்பது அவள் வாயில் ‘வராதா’ ஆகும். மீன் சந்தையில் அவர் ‘பல்க்’ என்று சொல்லும் அந்த முதல் நாளை எழுதுங்கள் மாணவியே. அவள் அதைத் திருத்துகிறாளா, அப்படியே திருப்பிச் சொல்கிறாளா என்பதை வைத்தே அடுத்த அத்தியாயம் போகும்.