பதில் எழுதுவதை நிறுத்துங்கள், சேனலை அல்ல

கேள்வி: யூடியூபில் நாகர்கோவில் வட்டாரச் சமையல் காணொளிகள் வெளியிடுகிறேன். என் நிறத்தையும் பேச்சையும் கேலி செய்தே கமெண்ட்டுகள் குவிகின்றன. ஒருவன் என் படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்பி, ஊரெல்லாம் பரப்புவேன் என்று மிரட்டுகிறான். இரவெல்லாம் பதில் எழுதி ஓய்ந்துவிட்டேன். சேனலை மூடிவிடச் சொல்கிறார் கணவர். என்ன செய்வது?
– வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, சேனலை மூட வேண்டாம். முதலில் அந்தப் படத்தைக் கவனியுங்கள், ஏனெனில் அது கேலியே அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவும், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டலுக்கான 351ஆம் பிரிவும் தொடும் குற்றம். அவனிடம் கெஞ்சவோ பேரம் பேசவோ வேண்டாம். அவனை பிளாக் செய்வதற்கு முன்பே கணக்கின் பெயர், இணைப்பு, தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் இன்றே புகார் கொடுங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

நிறத்தைக் கேலி செய்பவர்களின் கதை வேறு. இணையத்தில் மனம் நோக எழுதுவதையே குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்த பிறகு, மனம் நோகப் பேசினார்கள் என்பதற்காக மட்டும் காவல்துறை வழியே போவது பெரும்பாலும் பலன் தராது. இவர்களுக்கு வேண்டியது உங்கள் கோபம்தான். நீங்கள் எழுதும் ஒவ்வொரு பதிலும் அதைக் கொடுக்கிறது. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றில், எரிச்சலான மனநிலையில் இருந்து, தங்களுக்கு முன்னால் வசைகளையும் கண்டவர்கள், அப்படி இல்லாதவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு வசை எழுதினார்கள். அவர்கள் சாதாரண மனிதர்களே. ஆகவே, காணொளியின் கீழே முதலில் கண்ணில் படுவது எது என்பது மிக முக்கியம். தேங்காயை எந்தப் பதத்தில் வறுக்க வேண்டும் என்று கேட்டவரின் கமெண்ட்டை ‘பின்’ (pin) செய்து மேலே நிறுத்துங்கள். யூடியூப் ஸ்டூடியோவில் தடுக்க வேண்டிய சொற்களின் பட்டியலில் ‘கருப்பி’ போன்றவற்றைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் சேருங்கள், ஏனெனில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். திரும்பத் திரும்ப வருபவரைச் சேனலிலிருந்து மறைத்துவிட்டால், அவர் எழுதுவது வேறு யார் கண்ணிலும் படாது.

உங்கள் கணவரின் அச்சம் நியாயமானது. ஆனால் அதற்குத் தீர்வு நீங்கள் ஒதுங்குவதல்ல. அவரை மாடரேட்டராக, அதாவது கமெண்ட்டுகளைக் கண்காணிப்பவராகச் சேர்த்து, கமெண்ட் படிக்கும் வேலையைச் சில வாரங்கள் அவரிடமே விட்டுவிடுங்கள். காவல் நிலையத்துக்கும் அவரையே துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.