கால் எரிவு, கை விறைப்பு: மருத்துவரிடம் கேட்டவை

சுன்னாகத்திலிருந்து ஒரு தாயார்: பத்து வருடமாகச் சலரோகம். இரவில் இரண்டு பாதமும் எரிகிறது. பனடோல் கேட்கவில்லை. வைத்தியர் தந்த குளிசை மனச்சோர்வுக்கானதாம். எனக்கு ஏன் அது?

பயப்படாதீர்கள் அம்மா. அது அமிட்ரிப்டிலினாக இருக்கும். குறைந்த அளவில் கொடுத்தால் நரம்பு வலியை அடக்கும். பனடோலுக்கு அந்த வலி அவ்வளவாக அடங்காது. கபாபென்டின், பிரிகாபலின், டுலொக்செற்றின் ஆகியவையும் இதற்கே. ஆனால் இவை எரிவைத் தணிக்குமே தவிர நரம்பைத் திருத்தா. சீனியைக் கட்டுப்படுத்தினால்தான் பழுது மேலும் பரவுவது மட்டுப்படும்.

நல்லூரிலிருந்து ஒரு மகன்: அப்பாவுக்கும் அதே எரிவு இருந்தது. இப்போது இல்லை. சுகமாகிவிட்டதா? திருவிழாவுக்கு வெறுங்காலுடன் போக நிற்கிறார்.

தம்பி, எனக்கு எரிகிற காலை விட எரியாத காலில்தான் பயம் அதிகம். சீனி கட்டுப்படாமலே எரிவு நின்றிருந்தால், உணர்வு செத்திருக்கலாம். கிளினிக்கில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இடத்தைச் சொல்ல முடியாவிட்டால், முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது.

ஆடி, ஆவணி வெயிலில் மணலும் தாரும் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உணர்வுள்ளவன் துள்ளி நிழலுக்கு ஓடுவான். அப்பா நின்று கும்பிடுவார். கொப்புளத்தை வீட்டுக்கு வந்துதான் காண்பீர்கள். அது புண்ணாகி, எலும்புவரை கிருமி போய், விரலை எடுக்க வேண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். முருகனை வெயில் ஏற முன்னரோ, நிலம் ஆறிய பிறகோ கும்பிடட்டும். வந்ததும் உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் நீங்களே பாருங்கள். சப்பாத்தைத் தட்டிப் பார்த்து மாட்டட்டும். கால் ஆணியை பிளேட்டால் வெட்டவே கூடாது. வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம்.

கோப்பாய் ஆசிரியை: சுத்த சைவம். சலரோகத்துக்குப் பல வருடமாக மெட்போமின் குளிசை எடுக்கிறேன். விறைப்பு வந்தால் எல்லாம் சீனியால்தானா?

இல்லை. மெட்போமின் பி12 உயிர்ச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அது மரக்கறியிலும் கிடையாது. உங்களுக்கு இரண்டு பக்கமும் அடி. இரத்தத்தில் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவென்றால் ஊசியாகவோ குளிசையாகவோ ஏற்றலாம். மெட்போமினை நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்துக்கடையில் கண்ட விற்றமின்களை வாங்கி விழுங்கவும் வேண்டாம்; பி6 அளவுக்கு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

பருத்தித்துறைத் தையற்காரி: இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைக்கின்றன. கையை உதறினால் விடுகிறது.

சுண்டுவிரல் தப்பியிருக்கிறது என்றால், பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. இரவில் மணிக்கட்டு மடியாதபடி பட்டை கட்டிப் படுங்கள். தைரொயிட்டையும் சோதியுங்கள். பெருவிரல் அடித்தசை வற்றினால் சிறிய சத்திரசிகிச்சை தேவைப்படும்.

கொடிகாமத்து இளைஞர்: முழங்கையருகே வெளிறிய தேமல். கிள்ளினாலும் தெரியவில்லை.

உடனே தோல் கிளினிக்குக்குப் போங்கள். தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அதுவாக இருந்தாலும் மருந்து இலவசம். வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதத்தில் முடியும். மறைத்து வைத்தால்தான் விரல் மடங்கும்.

ஒருவர், ஊர் குறிப்பிடவில்லை: வயிற்றோட்டம் வந்து போன பின், இரண்டு நாளாகக் காலில் பலம் குறைந்து இப்போது கையும் சோர்கிறது.

பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அந்தச் சோர்வு மூச்சுத் தசைவரை ஏறக்கூடியது.